சாயாத தொட்டி

மலேசியாவில் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு அது ஒரு தண்ணீர்த் தொட்டி என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. 1885-இல் லியோங் சூன் சோங் என்பவர் கட்டியது. உயரம் 25.5 மீட்டர். வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றே தளம். கடிகாரமும் உண்டு. அடிமண் இளகியது, மேலே தண்ணீரின் பாரம். ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வுதான் அதற்குப் பெயரும் புகழும் தந்தது. நேராகவே நின்றிருந்தால் பேருந்து பேருந்தாக யாராவது அங்கே வந்து இறங்கியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

இந்தக் குறிப்புகள் நேராக நிற்பவற்றைப் பற்றியவை.

*

மாக் மண்டினை யாரும் சுற்றிப் பார்க்க வருவதில்லை. பட்டர்வொர்த்துக்கு உள்ளே, பிறை ஆற்றை ஒட்டிக் கிடக்கும் தொழிற்பேட்டை. 1960-களில் பினாங்கு மாநிலம் தொழில் பக்கம் திரும்பியபோது முதலில் எழுந்தவற்றில் ஒன்று. லாரிகள், பட்டறைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, சாப்பாட்டுக் கடைகள், மாலையில் ஷிஃப்டு விட்டு வரும் மோட்டார்சைக்கிள்கள். ஜார்ஜ்டவுனைப் போல வளைவுத் தாழ்வாரங்களும் ஓடு வேய்ந்த கடைவீடுகளும் இங்கே கிடையாது. நிலம் தட்டை. தட்டையான நிலத்தில் கண் தானாகவே உயரமாக நிற்பதைத் தேடும். இங்கே உயரமாக நிற்பவை புகைப்போக்கிகள், கோவில் கோபுரம், மின்கம்பிக் கோபுரங்கள், அப்புறம் தொட்டிகள்.

தொட்டிகளில் தலைமுறை தெரியும். பழையவை, நாலடிச் சதுரத் தகடுகளை மரையாணி முடுக்கிக் கோத்த இரும்புப் பெட்டிகள். ரயில் நிலையங்களில் பார்த்துப் பழகியவை. அடுத்தவை கான்கிரீட்: கால்களின் மேல் ஒரு கிண்ணம், அல்லது கால்களே இல்லாமல் அடியிலிருந்து நுனிவரை ஒரே குழல். இப்போது வருபவை வெளிர் நிறக் கண்ணாடியிழைப் பலகைகள். இரும்பைத் துருவுக்காக மன்னிக்கலாம், கண்ணாடியிழையை மலிவுக்காக மன்னிக்கலாம். கான்கிரீட்டை மன்னிக்க ஒன்றுமில்லை. தான் என்னவாக இருக்கிறதோ அதுவாகவே வெயிலில் நின்று கறுத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த நடுத் தலைமுறைதான்.

*

பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். முப்பது மீட்டரென்றால் மூன்று கிலோ. தொட்டியின் அகலமோ உருவமோ அந்தக் கணக்கில் நுழைவதில்லை, உயரம் மட்டுமே.

இதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. வீடு கட்டுகிறவனுக்கு அறை, சன்னல், படிக்கட்டு என்று ஆயிரம் கட்டாயம். தொட்டி கட்டுகிறவனுக்கு ஒன்றே ஒன்று: இவ்வளவு தண்ணீரை இவ்வளவு உயரத்தில் வைத்திரு. எப்படி வைப்பது என்பது அவன் பாடு. அதனால்தான் உலகம் முழுக்க ஒரே வேலையைச் செய்யும் தொட்டிகள் இத்தனை உருவத்தில் நிற்கின்றன. ஜெர்மானியப் புகைப்படத் தம்பதியர் பெர்ண்டும் ஹில்லா பெக்கரும் பல பத்தாண்டுகள் இவற்றையே படம் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். மேகம் மூடிய வானம், நேர்ப்பார்வை, நிழலில்லை, ஆளில்லை. படங்களை வரிசை வரிசையாக அடுக்கினார்கள். 1990-இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குப் பரிசு கிடைத்தது, புகைப்படத்துக்கல்ல, சிற்பத்துக்கு. நடுவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

உருவத்தில் இவ்வளவு சுதந்திரம் இருந்தும் பெரும்பாலான தொட்டிகள் ஆடம்பரம் காட்டாமல் நிற்பதற்குக் காரணம், கட்டியவர்களுக்குக் காட்ட வேண்டிய ஆளில்லை என்பதுதான்.

*

பம்பு ஒரே சீராக ஓடும். ஊர் ஒரே சீராகக் குளிக்காது. காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கிறது, பின்னிரவில் ஒருவரும் தொடுவதில்லை. அந்த வேளைக்கும் இந்த வேளைக்கும் நடுவில் நின்று கணக்கை நேர்செய்வது தொட்டி. இரவில் வாங்கிக்கொள்ளும், விடிந்ததும் கொடுக்கும். மின்சாரம் போனாலும் கொடுக்கும். பூமி இழுத்துக்கொண்டிருக்கும்வரை அதற்கு வேறு சக்தி வேண்டாம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்புகள் வந்த பிறகு, தொட்டி எதற்கு என்று கேட்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். கணினி நல்லபடியாக இருக்கும் நாளில் அவர்கள் சொல்வது சரி.

2024 சனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் தண்ணீர் தடைபட்டது நினைவிருக்கும். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் வால்வுகள் இரண்டை மாற்றினார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர்களின் குழாய்கள் பாதிக்கப்பட்டன. மாநிலத்தின் தண்ணீரில் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு அந்த நிலையத்தின் வழியாகத்தான் வருகிறது. முன்கூட்டியே அறிவித்த தடைதான். ஆனாலும் அந்த நாட்களில் ஊரே அண்ணாந்து பார்த்தது. யார் வீட்டுக் கூரையில் எவ்வளவு மிச்சம், எந்த அடுக்குமாடியில் இன்னும் வருகிறது, எந்தக் கடைக்காரன் தொட்டி நிறைய வைத்திருக்கிறான் என்பதே பேச்சு. வாளிகளின் விலையை விசாரித்தவர்கள் தொட்டிகளின் கொள்ளளவையும் விசாரித்தார்கள். வால்வு மாறியது, தண்ணீர் வந்தது, தலைகள் குனிந்துகொண்டன.

*

பினாங்குத் தீவுக்குத் தண்ணீர்மலை இருக்கிறது. முருகன் கோவிலுக்குப் படியேறுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே அருவி. ஜார்ஜ்டவுனின் பழைய குடிநீர் அங்கிருந்து இறங்கியதுதான். பின்னால் 1929-இல் மவுண்ட் எர்ஸ்கின் மேட்டில் கில்லமார்ட் நீர்த்தேக்கம், 1962-இல் ஆயர் ஈத்தாம் அணை. மலை இருக்கிற இடத்தில் தொட்டியை உயர்த்த வேண்டியதில்லை, மேட்டில் குழி வெட்டினால் போதும். எதிரே பெருநிலத்தில், செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போனால் மலை உண்டு. பட்டர்வொர்த் பக்கம் வயல், சதுப்பு, ஆற்றுப்படுகை. இங்கே உயரம் வேண்டுமென்றால் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

*

ஜெர்மனியின் ஆஹன் நகரப் பேராசிரியர் ஓட்டோ இன்ட்சே 1880-களில் கண்டுபிடித்த ஒரு தந்திரம் நம் ஊர்த் தொட்டிகள் பலவற்றின் வயிற்றுக்குள் இருக்கிறது. தொட்டியின் அடிப்பாகத்தைத் தட்டையாக வைத்தால் நடுவில் தொங்கும், கனமாகக் கட்ட வேண்டும். அவர் நடுவில் கவிழ்த்த சட்டிபோல ஒரு குவிவை வைத்தார். அதன் விளிம்பிலிருந்து சுற்றிலும் வெளிப்புறமாக விரியும் ஒரு கூம்பு. தண்ணீர் அழுத்தும்போது குவிவு தன் விளிம்பை வெளியே தள்ளும், கூம்பு அதே விளிம்பை உள்ளே தள்ளும். இரண்டும் சந்திக்கும் வளையத்தில் தள்ளுமுள்ளு அடங்கிவிடுகிறது. அளவுகளைச் சரியாக எடுத்தால் வளையத்துக்கு மிஞ்சுவது கீழ்நோக்கிய பாரம் மட்டும், அதைத் தூண்கள் பார்த்துக்கொள்ளும்.

கீழே நின்று பார்ப்பவருக்கு விரிந்த கூம்பு மட்டுமே தெரியும். குவிவு உள்ளே மறைந்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில், இலங்கையில், இங்கே என்று எங்கே போனாலும் அந்த விரிந்த இடுப்பைப் பார்த்தால் இப்போது எனக்கு உள்ளே இருக்கும் குவிவும் சேர்ந்தே தெரிகிறது. அழகு என்று அதைச் சொல்லலாமா என்று ஒரு காலத்தில் தயங்கினேன். இப்போது தயக்கமில்லை. ஒரு கோடுகூட அலங்காரத்துக்காக இல்லாமல், விசைகள் போகிற வழியிலேயே உருவம் போகிறது. நவீனத்துவக் கட்டடக்காரர்கள் மேடை போட்டுச் சொன்னதைப் பொதுப்பணித் துறையின் வரைபட அறைகள் பேச்சில்லாமல் செய்துவிட்டன.

மேடையில் சொன்னவர்களும் தொட்டியில்தான் கை பழகினார்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன். லெ கார்பூசியர் சண்டிகருக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னால், 1917-இல், பிரான்சின் பொடென்சாக் என்ற ஊரில் கான்கிரீட்டில் ஒரு தண்ணீர்க் கோபுரம் வடிவமைத்தார். ஸ்வீடனில் ஊரெப்ரூ நகரின் காளான் கோபுரம் 1958-இல் எழுந்தது. அதை வடித்த சூனெ லிண்ட்ஸ்ட்ரோம் பின்னால் குவைத்துக்குப் போய் அதே சாயலில் முப்பத்தொரு கோபுரங்களைக் கொத்துக் கொத்தாக நட்டார். அவற்றோடு கடற்கரையில் மலேனே பியோர்னின் நீலப் பந்துகள் கோத்த கோபுரங்களும் சேர்ந்து, 1980-இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு பெற்றன. பாலைவனத்துக்குத் தண்ணீரின் மதிப்பு தெரியும், அதனால் தொட்டியைக் கொண்டாடினார்கள். மழை பெய்து பெய்து சலித்த நமக்கு அது தோன்றவில்லை.

*

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும்.

1960-களில் பிறையில் மலாயாவாத்தா உருக்காலை தொடங்கியது. ஜப்பானின் யாவாத்தா நிறுவனத்தோடு கூட்டு. 1967-இல் ஊதுலையை மூட்டினார்கள். உருக்கு வடிக்க நிலக்கரியிலிருந்து எடுக்கும் கல்கரி வேண்டும். மலாயாவில் அதற்கேற்ற நிலக்கரி இல்லை. இருந்தது பால்மரம், அதாவது ரப்பர் மரம். இருபத்தைந்து முப்பது வருடம் சீவிச் சீவிப் பால் வற்றிய மரங்களை மறுநடவுக்காக ஆயிரக்கணக்கில் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கட்டைகளில் மேசை நாற்காலி செய்யும் வழக்கம் அப்போது பரவவில்லை. அவற்றைச் சூளையில் போட்டுக் கரியாக்கி, அந்தக் கரியால் இரும்புத்தாதுவை உருக்கினார்கள். வெளியே வந்ததில் கட்டடக் கம்பியும் உண்டு.

ஒரு தமிழ்க் குடும்பம் விடிவதற்கு முன்னால் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு மரத்தை ஒரு தலைமுறை முழுக்கச் சீவுகிறது. மரம் சாகிறது. கரியாகிறது. கம்பியாகிறது. கம்பி வளைந்து வளையமாகி, ஈப்போச் சுண்ணாம்பு மலைகளின் சிமெண்டுக்குள் புதைகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பிறைக்கும் மாக் மண்டினுக்கும் வேலை தேடி வந்தார்கள். வந்த இடத்தில் அவர்கள் கைகழுவிய தண்ணீர் அப்படிப்பட்ட ஏதோ ஒரு வளையத்தின் அணைப்பிலிருந்து இறங்கியது.

தோட்டங்களைப் பற்றி நாம் எழுதும்போது லயம், கோவில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் இவற்றோடு நின்றுவிடுகிறோம். தோட்டத்தின் மிச்சம் இப்படிக் கான்கிரீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. மரபுச் சொத்து என்று ஒன்றைப் பட்டியலில் சேர்க்க என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால், என் பதில் இந்தப் பத்தியில் இருக்கிறது.

*

சாய்ந்தால்தான் பார்வை விழுகிறது என்றேன். விழுந்தால் இன்னும் அதிகம் விழுகிறது.

இலங்கையின் கிளிநொச்சியில், ஏ-9 வீதியோரம், ஒரு பெரிய கான்கிரீட் தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்தது. 2009 சனவரி 2 அன்று இராணுவம் நகரைப் பிடித்தது. அதையொட்டிய நாட்களில் பின்வாங்கிய விடுதலைப் புலிகள் தகர்த்தது என்று அரசு சொன்னது. போர் முடிந்த பிறகு அந்தச் சிதைவை அகற்றாமல் காட்சிப்பொருளாக வைத்தார்கள். அறிவிப்புப் பலகை வந்தது, நினைவுப்பொருள் கடை வந்தது. தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்துகள் நின்று, ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். படங்களில் கிண்ணம் முழுசாகவே ஒருக்களித்துக் கிடக்கும். தூண்கள்தான் முறிந்திருக்கும், கம்பிகள் நரம்புகளாக வெளியே நிற்கும். இன்ட்சேயின் கூம்பையும் வளையத்தையும் பக்கவாட்டில் அவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் வேறு இல்லை. அதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். நின்றபோது அது எந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் கொடுத்தது, யார் அதன் வால்வைத் திருகினார் என்பதைச் சொல்லப் பலகையில் இடமில்லை. பலகை வைப்பவர்களுக்கு விழுந்த நாள் போதுமானதாக இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் நடந்தது வேறு விதம். 2022 டிசம்பரில், தலித் குடியிருப்புக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. தொட்டி சாயவில்லை, விழவில்லை, கட்டுமானத்தில் குறையில்லை. ஆனாலும் அதை இடிக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இடிக்கத்தான் வேண்டும் என்று எனக்கும் பட்டது. சுவரை எத்தனை முறை கழுவினாலும் அந்த மக்கள் அந்தக் குழாயைத் திறக்கும்போது நினைவும் சேர்ந்து வரும். கட்டடத்தைக் காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊரையும் மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். எல்லாத் தொட்டியும் காக்கத் தகுந்ததில்லை.

*

மலேசியாவின் 1976 தொல்பொருள் சட்டத்தில் நினைவுச்சின்னத்துக்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருந்தது. 2005 தேசிய மரபுடைமைச் சட்டம் அந்த வயது வரம்பை எடுத்துவிட்டது. ஆக, சட்டத்தில் இப்போது தடையில்லை. தடை பார்வையில் இருக்கிறது. 2008 சூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது கோட்டுக்குள் வந்தவை கோவில், மசூதி, குலமண்டபம், கடைவீடு, துறைமுகக் கட்டடங்கள். எல்லாம் சரியான தேர்வுகள். ஆனால் கோடு கடலோடு முடிந்துவிட்டது. அந்தத் துறைமுகத்துக்கு வந்த ரப்பரும் பின்னால் அந்தத் தீவுக்குக் குடிநீரும் எந்தக் கரையிலிருந்து போயின என்று யாரும் கேட்கவில்லை.

தீவிலேயே கான்கிரீட்டுக்கு மரியாதை குறைவுதான். கொம்டாரை அவலட்சணம் என்று சொல்வது பினாங்குக்காரர்களின் பொழுதுபோக்கு. லிம் சோங் கியாட் வடித்த அந்த அறுபத்தைந்து மாடிக் கோபுரத்தைப் பட்டர்வொர்த்தின் பாகானிலிருந்து படகில் போகும்போது பார்க்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் எழுகிறது. வாகன நெரிசலில் அதன் அடியில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

*

காப்பது என்றால் என்ன செய்வது?

சுவரோவியம் வேண்டாம். தொட்டியின் மேல் இருவாச்சிப் பறவையும் செம்பருத்தியும் வரைந்துவிட்டால் காப்பாற்றியதாக நினைத்துக்கொள்கிறார்கள். பலகை அடித்து வார்த்தபோது மரத்தின் ரேகை கான்கிரீட்டில் பதிந்திருக்கும். நாள்கணக்கில் வார்த்து நிறுத்தி வார்த்து நிறுத்திய தடங்கள் வளையம் வளையமாகத் தெரியும். அவைதான் அதன் கையெழுத்து. சாயம் அதை மூடிவிடும்.

உணவகமாக மாற்றுவதிலும் எனக்கு உற்சாகமில்லை. தண்ணீர் இருக்கும்வரை தொட்டி தொட்டி. தொடர்ந்து ஈரத்தில் இருக்கும் கான்கிரீட் காய்ந்து சுருங்குவதில்லை, அதனால் விரிசலும் குறைவு. தண்ணீரை வடித்துவிட்டு வெயிலில் வெறுமனே விட்டால் சீக்கிரம் வெடிக்கும். வெளிப்புறத்துக்குத்தான் ஆபத்து அதிகம். காற்றிலுள்ள கரிவாயுவும் கடலுப்பும் மெல்ல உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கீழே நடப்பவர்களின் தலையில் ஒரு சில்லு விழுந்த மறுநாள் இடிக்க உத்தரவு வரும். அதற்கு முன்னால் தட்டிப் பார்த்து, வெற்றொலி வரும் இடத்தைக் கொத்தி, துருவைச் சுரண்டி, புதுக் கலவை பூசுவது பெரிய செலவில்லை. செய்ய ஆள் வேண்டும், செய்யச் சொல்ல ஒரு பட்டியல் வேண்டும்.

பட்டியல் என்றால் எளியதாகவே இருக்கட்டும். இடம், உயரம், கொள்ளளவு, வார்த்த ஆண்டு, கடைசியாகக் கழுவிய தேதி, இப்போது தண்ணீர் இருக்கிறதா. கட்டடக் கலைஞர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரு துறையின் பெயர்தான் வரும். கம்பி கட்டியவர்கள், கலவை சுமந்தவர்கள் என்று ஒரு கட்டமும் சேர்க்க வேண்டும். அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

*

தொழிற்சாலையில் குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைத் தேநீர்க் கடையில் கேட்டேன்.

"அண்ணே, ஒரு தொட்டியில எதைக் கட்டாயம் காப்பாத்தணும்?"

தூணையோ கூம்பையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அளவுப் பலகையைச் சொன்னார். தொட்டியின் வெளிச்சுவரில் எண்கள் எழுதிய நீளமான பலகை. உள்ளே மிதக்கும் பந்திலிருந்து ஒரு கம்பி கப்பி வழியாக வெளியே வந்து முள்ளைப் பிடித்திருக்கும்.

"அதுல நம்பர் தலைகீழா இருக்கும் தம்பி. தண்ணி ஏறினா பந்து ஏறும், வெளியில முள்ளு இறங்கும். முள்ளு அடியில இருந்தா டேங்கி ஃபுல். புதுசா வர்ற பையனுங்க அதைப் பார்த்துட்டுத் தண்ணி இல்லைன்னு பம்பைப் போட்டுருவானுங்க, மேல வழிஞ்சு ஊத்தும். இப்ப சாயம் அடிக்க வர்ற குத்தகைக்காரன் மொதல்ல அதைத்தான் கழட்டிப் போடுறான்."

பட்டியலில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: அளவுப் பலகை உண்டா, முள் ஓடுகிறதா.